ரொட்டோக்காசு மொழியின் ஒலியும் சொல்லும்

ஒரு மொழியின் ஒலிகளை எண்ணி, அவ்வெண்ணிக்கையால் அம்மொழியின் தரத்தை அளக்கும் வழக்கம் பலரிடத்தும் உண்டு. ஒலி மிக்க மொழி வளமுடையது என்றும், ஒலி சுருங்கிய மொழி இன்னும் வளராத தொடக்க நிலையினது என்றும் அவர் கருதுவர். இக்கருத்து பொருந்துமா என ஆராய்தற்கு மிகவும் ஏற்றது பூகன்வில் தீவில் வழங்கும் ரொட்டோக்காசு என்னும் சிறு மொழி. அதன் நடு வழக்கில் உள்ள ஒலியன்கள் பதினொன்றே என்பர்: மெய் ஆறு, உயிர் ஐந்து. உலக மொழிகளுள் ஒலியன் தொகை மிகச் சுருங்கியவற்றை எடுத்துரைக்குமிடத்தெல்லாம் இம்மொழியின் பெயர் முன்னிற்கும். இச்சுருக்கம் எவ்வாறு நேர்ந்தது, இதனால் அம்மொழி இழந்தது யாது, இழவாதது யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிலமும் இனமும்

பூகன்வில் பப்புவா நியூ கினி நாட்டின் கிழக்கெல்லையில் உள்ள தீவு. இன்று அந்நாட்டினுள் தன்னாட்சிப் பகுதியாக விளங்குவது. புவியியலால் நோக்கின் அது சாலமன் தீவுத் தொடரைச் சேர்ந்தது. தீவின் நடுவே ஓங்கி நிற்கும் மலைத்தொடரிலும் அதன் சாரலிலும் ரொட்டோக்காசு மக்கள் வாழ்கின்றனர். 1981-ஆம் ஆண்டளவில் இம்மொழியைப் பேசுவோர் தொகை ஏறத்தாழ 4,320 எனக் கணக்கிடப்பட்டது.

இம்மொழியைப் 'பப்புவ மொழி' என்று வகுப்பர். இப்பெயர் ஓர் இனத்தைக் குறிப்பதன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். நியூ கினியிலும் அதனை அடுத்த தீவுகளிலும் ஆத்திரனேசிய இனத்தைச் சாராத மொழிகள் பல நூறு உள்ளன. அவை அனைத்தையும் ஒருங்கு சுட்டுதற்கு அமைந்த பெயரே பப்புவ மொழிகள் என்பது. இஃது 'இன்ன இனம்' என்று கூறாது, 'இன்ன இனம் அன்று' என்று மட்டும் கூறும் பெயராகும். இத்தொகுதியுள் ஒன்றோடொன்று உறவு நிறுவப்படாத குடும்பங்கள் பல உள. பூகன்வில் தீவிலேயே வடபூகன்வில் குடும்பம், தென்பூகன்வில் குடும்பம் என இரண்டு வேறாக எண்ணப்படுகின்றன. ரொட்டோக்காசு முன்னதைச் சேர்ந்தது. தீவின் கடலோரங்களில் ஆலியா, தெயோப்பு முதலிய ஆத்திரனேசிய மொழிகள் வழங்குகின்றன.

பப்புவ மொழி என்றாலே ஒலி குறைந்தது என எண்ணுதலும் தவறு. அதே நாட்டின் ரோசல் தீவில் வழங்கும் எலீ தினியே என்னும் மொழியும் பப்புவ மொழி என்றே வகுக்கப்படுவது. அதன் ஒலியன்கள் 90 அளவின. பதினொன்றும் தொண்ணூறும் ஒரே பெயரின்கீழ் நிற்கின்றன.

2. ஒலியன்கள்

நடு ரொட்டோக்காசின் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து. இவை நீண்டும் ஒலிக்கும். அந்நீட்சியைத் தனி ஒலியன் எனக் கொள்வதா, ஒரே உயிர் இருமுறை அடுத்து வந்ததாகக் கொள்வதா என்பதில் ஒருதலையான முடிவு இல்லை. எழுதுங்கால் உயிரெழுத்தை இரட்டித்து எழுதுவர்.

மெய்கள் ஆறும் இரண்டு வரிசையாக நிற்கின்றன. முதல் வரிசை அதிர்வில்லாத் தடையொலிகள்: ப, ட, க. இரண்டாம் வரிசை அதிர்வுடையவை. அவற்றை உரோமன் எழுத்தில் எழுதுவோர் வகரம், ரகரம், அதிர்வுடைய ககரம் ஆகியவற்றுக்குரிய எழுத்துகளால் குறிப்பர். இரண்டு வரிசையும் இதழ், நுனிநா, பின்னண்ணம் என்னும் மூன்றிடத்தில் ஒன்றுக்கொன்று நேராக அமைந்துள்ளன. ஒழுங்கில் சிறிதும் குறைவில்லாத அமைப்பு இது.

இரண்டாம் வரிசையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவ்வரிசையின் ஒவ்வோர் ஒலியனும் பலவாறு ஒலிக்கும். இதழிடத்து ஒலியன் ஈரிதழ் உரசொலியாகவும், 'கம்பு' என்பதிற்போல் அதிர்வுடைய பகரமாகவும், மகரமாகவும் ஒலிக்கலாம். நுனிநா ஒலியன் ரகரமாகவும், லகரமாகவும், அதிர்வுடைய தடையொலியாகவும், னகரமாகவும் ஒலிக்கலாம். பின்னண்ண ஒலியன் 'தங்கம்' என்பதிலுள்ள ககரமாகவும், உரசொலியாகவும், ஙகரமாகவும் ஒலிக்கலாம். செவிக்கு எட்டும் ஒலிகள் பலவாயினும், பொருளை வேறுபடுத்தும் ஒலியன்கள் மூன்றே.

தமிழ் கற்றார்க்கு இந்நிலை விளங்குதல் எளிது. 'கல்', 'பகல்', 'தங்கம்' என்னும் மூன்று சொல்லிலும் ககரம் ஒரே வகையாக ஒலிப்பதில்லை. எனினும் அவ்வேறுபாட்டால் பொருள் வேறுபடாமையின் நம் முன்னோர் அதற்கு ஓரெழுத்தே வகுத்தனர். ஒலி பல, எழுத்து ஒன்று என்னும் உண்மை நமக்குப் புதியதன்று. இரண்டு மொழிக்கும் வேறுபாடும் உண்டு. தமிழில் அதிர்வு உண்மையும் இன்மையும் இடத்தால் அமைவன. ஆதலின் அவை பொருளைப் பிரிப்பதில்லை. ரொட்டோக்காசிலோ அதிர்வே இருவரிசையையும் பிரிக்கும் எல்லை. தமிழ் வேண்டாது விட்ட வேறுபாட்டை அம்மொழி போற்றுகின்றது. தமிழ் போற்றும் வல்லின மெல்லின வேறுபாட்டை அது விட்டுவிட்டது.

இக்காரணத்தால் அம்மொழிச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதுதற்கு ஒரு முறை வகுத்துக்கொள்ளல் வேண்டும். ஈண்டுச் சொல்லின் இடையில் வரும் அதிர்வில்லா ஒலிகளை ப்ப, ட்ட, க்க என இரட்டித்தும், அதிர்வுடைய ககரத்தை ஒற்றைக் ககரமாகவும் எழுதுகின்றோம். இவ்விரட்டிப்பு ஒலியின் இயல்பைக் குறிப்பதேயன்றி மாத்திரை மிகுதியைக் குறிப்பதன்று. அடுத்தடுத்து வரும் உயிர்களை உடம்படுமெய் இன்றி, அளபெடை எழுதுமாறு போல உயிரெழுத்தாலேயே எழுதுகின்றோம். 'நான்' என்னும் பொருளுடைய சொல் இம்முறைப்படி 'ரகஇ' என அமையும்.

இம்மொழியை எழுதப் பயன்படும் உரோமன் எழுத்துகள் 12. ஒலியன் பதினொன்றாக எழுத்துப் பன்னிரண்டாயது எங்ஙனம் எனின், டகர ஒலியன் இகரத்தின் முன் சகரம் போல ஒலித்தலின், ஆண்டு அதற்கு வேறோர் எழுத்தை எழுதுகின்றனர். 'கண்' என்னும் பொருளுடைய 'ஒசிரெஇ' என்பதில் வரும் சி, உண்மையில் டகரத்தின் திரிபே. மொழியின் பெயராக உலகம் அறிந்துள்ள 'ரொட்டோக்காசு' என்பதோ இவ்விதிக்கு அடங்குவதன்று. உரோமன் எழுத்தில் அப்பெயர் மெய்யொலியில் முடிகின்றது. அம்மெய்யும் இகரத்தின் முன் வாராத சகரம். மெய்யீற்றுச் சொல்லே இல்லாத மொழிக்கு மெய்யீற்றுப் பெயர் வாய்த்தது.

3. மூக்கொலியின் நிலை

மகரம், னகரம், ஙகரம் ஆகியவற்றுள் ஒன்றேனும் தனி ஒலியனாக இல்லாத மொழி உலகில் மிக அரிது. நியூ கினியின் மேற்குப் பகுதியில் உள்ள ஏரிச் சமவெளி மொழிகள் சிலவும் அத்தகையன. தமிழிலக்கணத்தார் வல்லெழுத்து ஒவ்வொன்றுக்கும் இனமாக ஒரு மெல்லெழுத்தை வைத்தனர். நடு ரொட்டோக்காசில் அவ்வினவெழுத்து தனக்கென ஓரிடம் பெறாது, அதிர்வுடைய ஒலியின் மாற்றொலியாக ஒடுங்கி நிற்கின்றது.

இம்மொழியின் ஒலியன்களை ஆராய்ந்து 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட இர்வின் ஃபிர்ச்சோ, சாக்குலின் ஃபிர்ச்சோ என்னும் இருவரும் ஒரு செய்தியைக் குறித்துள்ளனர். நடு ரொட்டோக்காசு பேசுவோரிடம் மூக்கொலி கேட்பது அரிது. அயலார் தம் மொழியைப் பேசும் முறையை அவர் நடித்துக் காட்டும்போதுதான் அது தெளிவாகக் கேட்கும். அயலார் உண்மையில் மூக்கொலியைப் பயன்படுத்தினாரா இல்லையா என்பது பற்றி அவர் கவலுவதில்லை. நடிக்குங்கால் தாமே அதனைச் சேர்த்துக்கொள்வர்.

இச்சிறு செய்தியிலிருந்து பெறப்படும் உண்மை பெரிது. மூக்கொலியை ஒலிக்க அவர்தம் நாவும் மூக்கும் அறியாதன அல்ல. கேட்கச் செவியும் அறியாததன்று. ஆயின் அவ்வொலி அவர்க்குச் சொல்லைச் சொல்லினின்றும் பிரிக்கும் கருவி அன்று. அயலாரைத் தம்மினின்றும் பிரிக்கும் அடையாளம். ஓர் ஒலி ஒலியனாவது வாயின் ஆற்றலால் அன்று, மொழி அதற்கு இட்ட பணியால் என்பது இதனால் தெளிவாகும்.

4. ஐத்தா வழக்கு காட்டும் உண்மை

இனி, இச்சுருக்கம் தொடக்க நிலையா, பிற்கால நிகழ்ச்சியா என்னும் வினா எழும். இதற்கு விடை தருவது அம்மொழியின் மற்றொரு வழக்காகிய ஐத்தா. அதனை ஆராய்ந்த ஸ்டுவர்ட் ராபின்சன் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு கட்டுரையில், ஐத்தா வழக்கில் மூக்கொலிகள் தனி ஒலியன்களாக உள்ளன என நிறுவினார். ஓர் ஒலியால் மட்டும் வேறுபட்டுப் பொருளால் பிரியும் சொல்லிணைகளே அவர் காட்டிய சான்று. ஆண்டு மெய்கள் ஒன்பது: அதிர்வில்லாதன மூன்று, அதிர்வுடையன மூன்று, மூக்கொலி மூன்று.

இரண்டு வழக்கினையும் ஒப்பிடும்போது ஓர் ஒழுங்கு புலனாகின்றது. ஐத்தாவில் மகரம் வரும் சொல்லிலும், அதிர்வுடைய இதழொலி வரும் சொல்லிலும் நடு வழக்கில் ஒரே ஒலியன் வருகின்றது. ஏனை ஈரிடத்தும் இவ்வாறே. எனவே ஐத்தாச் சொல்லை அறிந்தார் நடு வழக்குச் சொல்லின் வடிவத்தை விதியால் கூறலாம். நடு வழக்குச் சொல்லை மட்டும் அறிந்தார் ஐத்தாவில் மூக்கொலி வருமா, அதிர்வொலி வருமா என்று கூறல் இயலாது.

தமிழ் வழக்கினின்று ஓர் ஒப்புமை காட்டலாம். 'மரம்', 'மறம்' என்பவற்றை ஒன்றுபோல ஒலிப்போர் இன்று பலர். எழுத்து வழக்கை அறிந்தவன் அவர் பேச்சில் இரண்டும் ரகரமாகவே வரும் என்று விதி கூறலாம். அவர் பேச்சை மட்டும் கேட்ட அயலான் எச்சொல்லில் ரகரம், எச்சொல்லில் றகரம் என்று விதியால் கூற முடியாது. இதனால் றகரம் முன்பு இருந்தது, பின்பு ரகரத்தோடு கலந்தது என்னும் முடிவு பெறப்படும். இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றியிருப்பின், அது தோன்றிய சொற்களைப் பிரித்துக் காட்டும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும் அன்றோ?

ரொட்டோக்காசிலும் இம்முறையே கொள்ளத்தக்கது. ஒன்பது மெய்களே பழைய நிலை. நடு வழக்கில் மூக்கொலி மூன்றும் அதிர்வொலி மூன்றனோடு கலந்து ஒழிந்தன. ஆகவே அதன் ஆறு மெய்கள் மொழியின் குழந்தைப் பருவத்தைக் காட்டுவன அல்ல. நெடுங்கால வரலாற்றின் பயனாய் வந்தன. தொடக்க நிலை என்று கருதப்பட்டது உண்மையில் பிற்கால வடிவமாதல் இதனால் உறுதிப்படும். ஒரே வழக்கைக் கொண்டு ஒரு மொழியின் பழமையை வரையறுத்தல் எத்துணை இடருடையது என்பதும் உடன் விளங்கும்.

5. அசையும் சொல்லின் நீளமும்

ரொட்டோக்காசின் அசை தனி உயிராகவோ, ஒரு மெய்யும் ஓர் உயிருமாகவோ அமையும். மெய்ம்மயக்கம் இல்லை, மெய்யீறும் இல்லை. நெடிலை வேறாக எண்ணாது கணக்கிடின், ஆறு மெய்யும் ஐந்து உயிரும் கூடி 30 அசைகளும், தனி உயிர் 5-உம் ஆக 35 அசைகள் கிடைக்கும். இவ்வசைகளால் அமையத்தக்க ஈரசை வடிவங்கள் 1,225; மூவசை வடிவங்கள் 42,875; நான்கசை வடிவங்கள் 15,00,625. இவையெல்லாம் மொழியில் சொல்லாக வழங்குவன அல்ல. வழங்குதற்கு இடமுடையன என்றே கொள்ளல் வேண்டும். மூன்று, நான்கு அசைக்குள்ளேயே ஒரு மக்களின் வாழ்வுக்கு வேண்டிய சொற்கள் அனைத்துக்கும் இடம் அமைந்து விடுகின்றது.

ஒலியன் சுருங்கிய மொழியில் சொல் நீளும் என்பது பொதுவாகக் காணப்படும் இயல்பு. ஈண்டும் சொற்கள் நீண்டே வருகின்றன. ஆயின் அந்நீட்சியைப் பெரிதும் விளைப்பன பகுதியோடு ஒட்டும் விகுதிகளும் இடைநிலைகளும் ஆகும்.

6. பெயர்

ரொட்டோக்காசில் எண் மூவகைப்படும்: ஒருமை, இருமை, பன்மை. பெயர் பால் உணர்த்தும் விகுதி பெறும். 'அவுக்க' என்பது முதுமைப் பொருளது. அதனோடு 'ட்டொ' சேர, 'அவுக்கட்டொ' எனக் கிழவனையும், 'வ' சேர, 'அவுக்கவ' எனக் கிழவியையும் உணர்த்தும்.

இப்பால் பொருளியல்பை மட்டும் பற்றியதன்று. 'இரு கண்கள்' என்பதற்கு 'ஒசிரெஇட்டொஅரெஇ' என்பர். இதில் 'ட்டொஅரெஇ' என்பது ஆண்பால் இருமை விகுதி. கிழவியின் கண்களாயினும் கண்கள் ஆண்பாலே. திணை பால்களை மக்கட்சுட்டின் அடிப்படையில் வகுத்த தமிழ்மரபில் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றும். பொருளின் பாலும் சொல்லின் பாலும் வேறு வேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இயல்பாகவே இரண்டாய் அமைந்த உறுப்பை இருமையால் சுட்டுதலும் கருதத்தக்கது.

7. வினை

வினைச்சொல் பகுதியோடு நிகழ்ச்சித் தொடர்வு, எழுவாயின் இடம், எண், பால், காலம் ஆகியவற்றைக் காட்டும் உருபன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி அமையும். மேற்கூறிய கண்களுக்குப் பயனிலையாக வரத்தக்க 'டொஉப்பசிவெஇர' என்னும் வினையைப் பிரித்துக் காண்போம். 'டொஉ' பகுதி, 'இரு' என்னும் பொருளது. 'ப்ப' செயல் தொடர்தலை உணர்த்தும். 'சி' ஆண்பால் இருமை எழுவாயைக் குறிக்கும். 'வெஇர' வழக்கமாக நிகழ்தலை உணர்த்தும். நான்கு உருபன்கள் திரிபின்றி ஒட்டி ஏழு உயிருடைய ஒரு சொல்லாய் நிற்கின்றன. எழுவாய் ஒருமையாயின் 'சி' நின்ற இடத்தில் 'ரெ' வந்து 'டொஉப்பரெவெஇர' என்றாகும்.

இம்மொழி வினையின் தனிச்சிறப்பு யாதெனின், வினைகள் இருவகுப்பாகப் பிரிந்து, எழுவாயையும் காலத்தையும் காட்டுதற்கு இரண்டு வேறு உருபு வரிசைகளைப் பெறுதலாகும். 'போயினான்' என்பதற்கு 'அவரொஎப்ப' என்பர்: 'அவ' பகுதி, 'ரொ' ஆண்பால் ஒருமை, 'எப்ப' சேய்மை இறந்தகாலம். 'சொன்னான்' என்பதற்கு 'டவிரெவ' என்பர்: 'டவி' பகுதி, 'ரெ' ஆண்பால் ஒருமை, 'வ' அதே சேய்மை இறந்தகாலம். இடம், பால், எண், காலம் அனைத்தும் ஒன்றாகவே, உருபுகள் மட்டும் வேறாயின.

செயப்படுபொருள் குன்றிய வினைக்கு ஒரு வரிசை, குன்றா வினைக்கு மற்றொரு வரிசை என்று உடனே கூறத் தோன்றும். ஆயின் 'இரு' என்னும் பொருளுடைய 'டொஉ' குன்றிய வினையாயினும் இரண்டாம் வரிசையின் 'ரெ'யையே பெற்றது. எனவே குன்றாவினைகள் இரண்டாம் வகுப்பில் நிற்க, குன்றியவினைகள் தமக்குள் இரண்டாகப் பிரிந்து சில முதல் வகுப்பிலும் சில இரண்டாம் வகுப்பிலும் அடங்குகின்றன. ராபின்சன் 2011-ஆம் ஆண்டில் நைமேகன் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வுரைக்கு இப்பிளவே பொருளாயிற்று.

இவ்வகுப்பு சொல்லாக்கத்தோடும் இயைபுடையது. 'அடி' என்னும் பொருளுடைய 'உப்பொ' இரண்டாம் வகுப்பினது. அதன்முன் 'ஒர' என்னும் முன்னொட்டு வந்து 'ஒரஉப்பொ' என்றாயின், தம்முள் அடித்துக்கொள்ளுதலாகிய போர்ப்பொருள் பிறக்கும். வினை முதல் வகுப்பினதாகும். மாறாக, 'ப்பிஎ' என்னும் ஒட்டு வினையைப் பிறவினையாக்கி இரண்டாம் வகுப்பில் சேர்க்கும்.

வாக்கியத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையே பெரும்பான்மை. வேற்றுமைப் பொருள் தரும் சொற்கள் பெயர்க்குப் பின்னே வரும். இவை தமிழோடு ஒப்பன. ஆயினும் இவ்வொப்புமையால் இனவுறவு கருதுதல் பிழையாகும். வினை இறுதியில் நிற்றலும் உருபு பின்வருதலும் தொடர்பே இல்லாத பல மொழிகளிலும் ஒருங்கு காணப்படும் இயல்புகள். உறவை நிறுவுவது சொற்களிடை அமையும் ஒழுங்கான ஒலி ஒப்பீடே. ஐத்தாவையும் நடு வழக்கையும் இணைத்துக் காட்டியது அதுவே.

8. முடிவு

நடு ரொட்டோக்காசு மூன்று மெய்களை இழந்தது. ஆயின் இருமை, பால், தொடர்நிகழ்வு, வழக்கநிகழ்வு, இருவகை வினைப்பிளவு ஆகிய நுட்பங்களுள் எதற்கும் அவ்விழப்பு இடையூறாகவில்லை. கருவி சுருங்கினும் தொழில் சுருங்கவில்லை என்க.

ஒரு மொழியின் ஒலித்தொகையைக் கொண்டு அதனைப் பேசுவோரின் அறிவையோ அம்மொழியின் வளர்ச்சியையோ மதிப்பிடுதல் ஆகாது என்பதற்கு இது போதிய சான்று. சில ஆயிரவர் பேசும் மொழி என்பதால் அதனைப் புறக்கணித்தலும் ஆகாது. மூக்கொலி ஒலியன் இன்றியும் ஒரு மொழி இயங்கும் என்பதை இத்தகைய சிறு மொழிகளே மெய்ப்பித்தன. அம்மொழியினுள்ளும் ஒரு வழக்கின் வரலாற்றை மற்றொரு வழக்கே விளக்கிற்று. ஐத்தா வழக்கு ஆராயப்படாது மறைந்திருப்பின், பிற்காலக் கலப்பால் வந்த சுருக்கத்தைத் தொடக்க நிலை என்றே நாம் இன்றும் எழுதிக்கொண்டிருப்போம்.